மேஜை மேல் இருந்த ரெசின்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கால்வனைசிங் தொழிற்சாலையில் கெமிஸ்டாக இருந்த காலத்தில், என் மேஜை மேல் ஒரு கண்ணாடிக் குழாய் நின்றுகொண்டிருக்கும். உள்ளே கசகசா அளவில் மஞ்சள் உருண்டைகள். பார்க்கிறவர்கள், "என்ன சார், பொடி ஜவ்வரிசியா?" என்பார்கள். அயனி மாற்று ரெசின் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அதன் கதை வயலில் தொடங்கியது. இங்கிலாந்தில் தாம்சன் என்ற நிலக்காரர் அம்மோனியம் சல்பேட் கரைசலை மண் வழியே ஊற்றினார். கீழே வந்ததில் அம்மோனியா இல்லை, கால்சியம் சல்பேட் இருந்தது. அதை விரிவாக ஆராய்ந்தவர் வே என்ற வேதியியலாளர். இதெல்லாம் 1850-ஐ ஒட்டி நடந்தது. ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுக்கிற பண்டமாற்று, நம் சந்தையில் நடப்பதுதான். பிறகு ஜெர்மனியில் செயற்கை ஜியோலைட்டுகள் செய்து கடின நீரை மென்மையாக்கினார்கள். ஆனால் அமிலம் பட்டால் அவை கரைந்துபோகும். எங்களைப் போன்ற அமிலக்காரர்களுக்கு அவற்றால் பயன் இல்லை.

1935-ல் டெடிங்டன் ஆய்வகத்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர், பழைய மின் சுவிட்சுகளுக்குப் பயன்பட்ட பேக்கலைட் வகைப் பிசினும் இந்தப் பண்டமாற்றைச் செய்யும் என்று காட்டினார்கள். கிராமபோன் தட்டைப் பொடித்துப் பார்த்ததில் தொடங்கியது என்றொரு கதையும் சொல்வார்கள். அமெரிக்காவில் டி'அலீலியோ பாலிஸ்டைரீனில் செய்த ரெசினுக்கு 1944-ல் காப்புரிமை வந்தது. இன்றைய உருண்டைகள் பெரும்பாலும் அந்த வம்சம். நம் நாட்டில் 1964-ல் ஆங்கிலேய பெர்முட்டிட்டின் கிளையாக அயன் எக்ஸ்சேஞ்ச் இந்தியா தொடங்கியது. எங்கள் தலைமுறைக் கெமிஸ்ட்டுகளுக்கு ரெசின் என்றாலே அவர்களுடைய 'இண்டியான்' டப்பாதான்.

இனி எங்கள் அமிலம். இரும்புச் சாமானுக்குத் துத்தநாகம் பூசுமுன் துரு போக ஹைட்ரோகுளோரிக் தொட்டியில் முக்குவோம். பூச்சு சரியாக விழாத சாமானையும் சாமான் தொங்கும் கொக்கிகளையும் அதே தொட்டியில் போட்டுப் பழைய பூச்சைக் கரைப்பதும் உண்டு. (தனித் தொட்டி வைத்திருக்க வேண்டும். செலவு என்றார்கள்.) கடைசியில் இரும்பும் துத்தநாகமும் கலந்த பச்சைக் கஷாயம் மிஞ்சும். சுண்ணாம்பு போட்டால் இரண்டும் சேறாக அடியில் தங்கும், எதற்கும் உதவாது.

இங்கேதான் ரெசினின் சாமர்த்தியம். குளோரைடு மிகுந்த அமிலத்தில் துத்தநாகம் குளோரைடுகளைச் சேர்த்துக்கொண்டு எதிர்மின் அயனியாக மாறிவிடும். ஃபெரஸ் இரும்பு மாறாது. உலோகத்தைப் பிடிக்க நேர்மின் அயனி ரெசினைத்தான் எடுக்கத் தோன்றும். வேலை செய்வதோ எதிர்மின் அயனியைப் பிடிக்கிற ரெசின். இரும்பு வழிந்துவிடும், துத்தநாகம் நிற்கும். காற்றுப் பட்டு ஃபெரிக்காக மாறிய இரும்பைத் திருப்ப, முன்கூட்டியே பழைய ஆணி கொஞ்சம் போட்டு வைப்போம். பிறகு வெறும் தண்ணீர் விட்டால் போதும், பிடித்த துத்தநாகத்தை ரெசின் விட்டுவிடும். 1950-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் க்ராஸும் மூரும் உலோகம் உலோகமாக இதை ஆராய்ந்து பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் ரெசின் எதையும் அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அந்தக் கழுவுநீருக்கு எங்களிடம் தனித் தொட்டி இருந்தது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி அதன் அடிவால்வை யாரோ திறந்துவிட்டார்கள். மழைநீர்க் கால்வாயில் போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற கணக்கு. காலை ஷிஃப்டுக்கு வரும்போது கால்வாயோரம் மாடு மேய்க்கும் அம்மா என்னை நிறுத்தி, "இந்தத் தண்ணிய மாடு குடிக்கலாமா சார்?" என்று கேட்டாங்க. "வேண்டாம்மா, அந்தப் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றேன். ஏன் என்று அவங்க கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

துத்தநாகம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள், அமிலநிலை 5.5-க்கும் 9-க்கும் நடுவில் என்பது வெளியேறும் நீருக்கான விதி. அன்றைய பதிவேட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிவாய் நீருக்கு நான் எழுதிய எண்கள் இரண்டும் விதிக்குள் இருந்தன. சோதித்து எழுதியவைதான், பொய்யில்லை. கழுவுநீர்த் தொட்டிக்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

மறுவாரம் அந்த வால்வுக்குப் பூட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பூட்டு வந்தது. சாவியை ஸ்டோரில், எல்லோரும் எடுக்கும் ஆணியில் மாட்டினார்கள்.