வரிசையில் பலர், பிரவுசர் ஒன்று: ரிக்வெஸ்டும் செஷனும், ஓர் ஒப்பாய்வு

ஜாவாவில் இணையச் செயலி எழுதப் பழகுகிறவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் கேள்வி, ஒரு தரவை ரிக்வெஸ்டில் வைப்பதா, செஷனில் வைப்பதா என்பது. வகுப்பில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஆயுளைப் பற்றியது: ஒரு கோரிக்கைக்குப் பதில் போய்ச் சேரும்வரை ரிக்வெஸ்ட், பயனர் தளத்தில் இருக்கும்வரை செஷன். பதில் தவறில்லை, ஆனால் பாதிதான். அந்தத் தரவு யாருடையது என்பதை அது கேட்பதே இல்லை. ஆளுக்கொரு மடிக்கணினி வைத்திருக்கும் அலுவலகத்தில் இந்தக் குறை கண்ணில் படாது. கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலை போன்ற ஊரில், இ-சேவை மையத்தின் ஆபரேட்டர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்தால் பளிச்சென்று தெரியும்.

அங்கே காலையில் ஆபரேட்டர் ஒருமுறை லாகின் செய்கிறார். பிறகு வரிசை நகர்கிறது. ஒருவருக்குச் சாதிச் சான்று, அடுத்தவருக்கு வருமானச் சான்று, இன்னொருவருக்குப் பட்டா நகல். மலைக் கிராமங்களிலிருந்து வரும் மலையாளி பழங்குடியினர் பலருக்குச் சொந்தக் கணினி கிடையாது. அரசோடு அவர்கள் பேசும் இணையம் அந்த ஒரு மேசைதான். ஒரே பிரவுசர், ஒரே லாகின், நாள் முழுக்க வெவ்வேறு மனிதர்கள். இப்படிப்பட்ட மையத்துக்கு ஜாவாவில் ஒரு விண்ணப்பச் செயலி எழுதுகிறோம் என்று வைத்துக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ரிக்வெஸ்டில் இரண்டு வகைத் தரவு உண்டு. பிரவுசரிலிருந்து எழுத்துகளாக வந்து சேர்வது பாராமீட்டர். செர்வ்லெட் தானே செட்ஆட்ரிப்யூட் மூலம் வைத்து, அடுத்து வரும் ஜேஎஸ்பி பக்கத்துக்குக் கொடுப்பது ஆட்ரிப்யூட். ஃபார்வர்ட் செய்தால் ஆட்ரிப்யூட் கூடவே போகும். ரீடைரக்ட் செய்தால் போகாது. பிரவுசர் புதிய ரிக்வெஸ்ட் அனுப்புவதால் பழையது அங்கேயே முடிந்துவிடுகிறது. செர்வ்லெட்டுகளை இயக்கும் சர்வரான டோம்கேட் அந்த ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்டைத் துடைத்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளும்.

செஷனின் கதை வேறு. ஹெச்டிடிபிக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதிய முகம். 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டூலி குக்கியை உருவாக்கியபோது, அவர் முன்னால் இருந்த தேவைகளில் ஒன்று இணையக் கடையின் பொருள் கூடை. ஒருவர், அவருடைய கணினி, அவருடைய கூடை. ஜாவா செர்வ்லெட்டின் செஷனும் அந்த வழியில் வந்ததே. ஜேசெஷன்ஐடி என்ற குக்கி பிரவுசரில் இருக்கும். அதற்குரிய தரவு சர்வரில் இருக்கும். ஆக, செஷன் அடையாளம் காண்பது பிரவுசரை. எதிரே நாற்காலியில் இருப்பவரை அல்ல. வெள்ளிமலை மேசையில் அது ஆபரேட்டருடைய செஷன்.

இதை மறந்தால் என்ன நடக்கும்? விண்ணப்பதாரரின் விவரங்களை 'நடப்பு விண்ணப்பம்' என்ற பெயரில் செஷனில் வைக்கிறோம். முதல் பெண்ணின் ஆதார் நகலை ஸ்கேன் செய்யும் இடைவெளியில் ஆபரேட்டர் இன்னொரு டேப்பில் அடுத்தவருக்குப் படிவம் திறக்கிறார். இரண்டு டேப்புக்கும் குக்கி ஒன்று, செஷனும் ஒன்று. இரண்டாவது விண்ணப்பம் முதலாவதன் மேல் எழுதப்பட்டுவிடுகிறது. முதல் டேப்புக்குத் திரும்பிச் 'சேமி'யை அழுத்தினால், அந்தப் பெண்ணின் ஸ்கேன் இரண்டாமவரின் பதிவில் போய் ஒட்டிக்கொள்ளும். எக்செப்ஷன் இல்லை, லாகில் சிவப்பு வரி இல்லை. பழங்குடியினர் சாதிச் சான்றை வழங்குபவர் கோட்டாட்சியர் நிலை அதிகாரி. உதவித்தொகைக்கும் கல்லூரி இடத்துக்கும் அதுதான் ஆதாரம். அதில் அப்பா பெயர் மாறிப்போனால் அந்தக் குடும்பம் மறுபடி பஸ் ஏறி இறங்க வேண்டும். நிரலில் ஒரே ஒரு வரி, ஆனால் இதைச் சிறு பிழை என்று என்னால் சொல்ல முடியாது.

ரிக்வெஸ்டில் இந்தக் குழப்பம் வராது. விண்ணப்ப எண் ஒவ்வொரு டேப்பின் முகவரியிலேயே இருக்கிறது. எந்த டேப்பிலிருந்து வந்தாலும், தான் யாருக்காக வந்தது என்பதை அந்தக் கோரிக்கையே சொல்லிவிடும்.

நேரம் இன்னொரு வேறுபாடு. டோம்கேட்டின் இயல்பான அமைப்பில் செஷன் 30 நிமிடம் அசைவற்றிருந்தால் காலாவதியாகும். இந்த 30 நிமிடம் எண்ணப்படுவது கடைசியாக சர்வருக்குப் போன கோரிக்கையிலிருந்து. படிவத்தில் தட்டச்சு செய்துகொண்டே இருப்பது சர்வரின் கணக்கில் அசைவு ஆகாது. மலையில் சிக்னல் போய்த் திரும்புவதற்குள், அல்லது மின்சாரம் வருவதற்குள், அரை மணி கடந்துவிடலாம். காலக்கெடுவை எட்டு மணி நேரமாக்கிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். பலர் வந்துபோகும் மேசையில் திறந்தே கிடக்கும் லாகின் அதைவிடப் பெரிய ஆபத்து. செஷன் சீக்கிரம் முடியட்டும். படிவம் அதோடு சேர்ந்து அழியக் கூடாது. ஒவ்வொரு பகுதி நிரம்பியதும் வரைவாகத் தரவுத்தளத்தில் எழுதிவிட்டால் போதும். சர்வரின் நினைவகமும் மிஞ்சும். பல சர்வர்கள் வைக்கும்போது செஷனை ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பிரதி எடுக்கும் பாடும் குறையும்.

ரிக்வெஸ்டுக்கும் குறைகள் உண்டு. அதில் வருவது எல்லாம் பிரவுசர் சொல்வது. யாரும் மாற்றி அனுப்பலாம். முகவரியில் 4512 என்பதை 4513 ஆக்கினால் வேறொருவரின் வருமான விவரம் திறக்கக் கூடாது. மறைபுலத்தில் வைத்ததால் பத்திரம் என்பதும் இல்லை. அடுத்தது, இரட்டைப் பதிவு. போஸ்ட் முடிந்ததும் ரீடைரக்ட் செய்தால், ரிஃப்ரெஷ் அழுத்தும்போது வரும் இரட்டிப்பு நிற்கும். ஆனால் பதில் வரும் முன்பே இணைப்பு அறுந்துவிட்டால் ஆபரேட்டர் மறுபடி அனுப்புவார், கட்டணமும் இரண்டு முறை போகலாம். படிவத்தோடு ஒருமுறை எண் ஒன்றைக் கொடுத்து, அது தரவுத்தளத்தில் இரண்டாம் முறை பதிவாகாதபடி கட்டுப்பாடு வைப்பதே இதற்கு வழி. 'சேமிக்கப்பட்டது' என்ற செய்தியை மட்டும் ரீடைரக்டைத் தாண்டிக் கொண்டுபோக, ஜாவாவின் ஸ்ப்ரிங் கட்டமைப்பில் உள்ள ஃப்ளாஷ் ஆட்ரிப்யூட் போதுமானது. அது செஷனில் ஏறி அடுத்த பக்கத்தில் இறங்கிவிடும்.

ஆகவே என் பங்கீடு இது. மேசையில் இருப்பவர் யார், அவருக்கு என்ன உரிமை என்பது செஷனில். வேலை யாருக்காக என்பது ரிக்வெஸ்டில். இரண்டும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் சரிபார்க்க வேண்டும். லாகின் ஆனதும் செஷனின் அடையாளத்தை மாற்றும் சேஞ்ச்செஷன்ஐடி, வெளியேறும்போது செஷனை முடிக்கும் இன்வேலிடேட். முன்னது 2013இல் செர்வ்லெட் 3.1 உடன் வந்தது. பழைய அடையாளத்தை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பவரின் கையில் லாகின் சிக்காமல் காக்கிறது.

தமிழ்நாட்டு இ-சேவையில் விண்ணப்பதாரருக்கு கேன் நம்பர் ஒன்று உண்டு. நம் செயலியும் வரைவை அந்த எண்ணோடு கட்டிவைத்தால், இன்று வெள்ளிமலையில் பாதியில் நின்ற படிவத்தை நாளை சின்னசேலத்தில் வேறொரு ஆபரேட்டர் தொடரலாம். அதற்கு விண்ணப்பதாரரின் சம்மதம் தேவை. அவர் போனுக்கு ஓடிபி அனுப்பலாம். ஓடிபி சரி என்ற குறிப்பை எங்கே வைப்பது? செஷனில் வைக்கலாம், வெறும் 'உண்மை' என்ற மதிப்பாக மட்டும் வேண்டாம். வைத்தால் அவர் எழுந்து போன பிறகும் அது அங்கேயே நிற்கும்; அடுத்து உட்காருபவரின் விண்ணப்பம் ஓடிபி கேட்காமலே திறந்துவிடும். கேன் நம்பர், விண்ணப்ப எண், முடிவு நேரம் மூன்றையும் சேர்த்து வைத்து, ரிக்வெஸ்டில் வரும் எண்ணோடு ஒப்பிட்டு, சமர்ப்பித்த உடனே ரிமூவ்ஆட்ரிப்யூட் செய்துவிட வேண்டும்.