காபரேட்டரைக் கழற்றிய கதை: கலகெதர ஏற்றமும் பெட்போர்ட் லொறிகளும்

கலகெதரையில் மடிகே என்று ஓர் ஊர் இருக்கிறது. கண்டி இராச்சியத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனித்த பிரிவின் பெயர் மடிகே பத்த. உப்பும் கருவாடும் மலைக்கு ஏறியதும் பாக்கு கீழே இறங்கியதும் தவளம் என்ற மாட்டு வரிசைகளில்தான். அதை நடத்தியவர்களில் நிறையப் பேர் முஸ்லிம்கள். 1803இல் ஜெனரல் மக்டவலின் படை கண்டிக்குப் போகும் வழியில் பிடித்த காவலரண்களில் கலகெதரவும் ஒன்று. பிறகு ராஜாவும் போனார், மாடும் போனது, அதே ஏற்றத்தில் லொறி வந்தது. படை ஏறிய கதை புத்தகங்களில் இருக்கு. லொறி ஏறிய கதையை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. அதனால் நாம் எழுதுகிறோம்.

நம் தாத்தாமார் 'லொறி' என்றால் பெரும்பாலும் பெட்போர்ட்தான். 1931இல் இங்கிலாந்தின் லூட்டனில் தொடங்கிய பெயர் அது. ஆரம்பகால பெட்போர்ட் எல்லாம் பெற்றோல் வண்டி, காபரேட்டர் வைத்தது. சமதரையில் அருமையாக ஓடும். மாவத்தகம தாண்டி ஏற ஆரம்பித்ததும்தான் வில்லங்கம். வண்டி மூக்கைத் தூக்கினால் காபரேட்டர் கிண்ணத்துக்குள் பெற்றோலும் சாயும், கலவை கெடும். பாரத்தோடு முதல் கியரில் ஊர்ந்தால் இஞ்சின் கொதிக்கும், காற்று படாது. குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகிவிடும், பம்ப் வெறும் ஆவியை உறிஞ்சும். லொறி நின்றுவிடும். ஈரத்துணியைச் சுற்றி ஆறவிட்டுத்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

சரி, காபரேட்டரைத் தூக்கிவிட்டு இன்ஜெக்‌ஷன் போட வேண்டியதுதானே? இன்று அமெரிக்காவில் பழைய லொறிப் பிரியர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். சென்சார், கம்பியூட்டர் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியில் வருகிறது. நம் மலைநாட்டில் இன்ஜெக்‌ஷன் வேறு வழியாக, டீசலாக வந்தது. டீசல் இஞ்சின் காற்றை மட்டும் உறிஞ்சி 16க்கு 1 என்ற அளவில், அதற்கு மேலும்கூட, அமுக்கும். அந்தச் சூட்டுக்குள் பம்ப் நூறு பாருக்கு மேலான அழுத்தத்தில் எண்ணெயைத் தூவும். அப்படிப்பட்ட பம்பை 1927இல் ஜெர்மனியில் பொஷ் நிறுவனம் பெருமளவில் செய்யத் தொடங்கியது. பழைய பெற்றோல் இஞ்சினின் அமுக்கம் 6க்கோ 7க்கோ 1தான், அந்த உடம்பு இதைத் தாங்காது. ஆகவே முழு இஞ்சினையும் மாற்ற வேண்டும். பீட்டர்பரோவின் பேர்க்கின்ஸ் நிறுவனம் 1930களின் கடைசியில் கொண்டுவந்த பி6 டீசல், பெற்றோல் லொறிகளுக்கு மாற்று இஞ்சினாக உலகம் முழுக்கப் போனது.

இலங்கையில் இந்த வேலை கராஜ் வேலையாகப் பெருகியது 1977க்குப் பிறகு. இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் ஜப்பானில் ஓடிக் கழித்த டீசல் இஞ்சின்கள் வந்து குவிந்தன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒன்றை வாங்கி, பழைய கியர்பொக்ஸோடு பொருந்த லேத்தில் ஒரு இரும்புத் தட்டுக் கடைந்து, மவுண்டிங்கை வெட்டி ஒட்டி இறக்குவார்கள். பழைய லேண்ட்ரோவரின் பொனட்டைத் திறந்தால் உள்ளே ஜப்பான் டீசல் இருப்பது இன்றும் நம் பக்கம் சாதாரணம். இதை 'முன்னேற்றம்' என்று சொல்ல நமக்கு மனமில்லை. புது லொறி வாங்கக் காசில்லாதவர்கள் பழசைச் சாகவிடாமல் வைத்திருந்த கதை இது.

இதில் உயிரோடு விளையாடும் ஓர் இடம் உண்டு. பெற்றோல் இஞ்சினில் எக்ஸிலேட்டரை விட்டால் காபரேட்டரின் கதவு மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் உறிஞ்ச உறிஞ்ச மெனிபோல்டில் வெற்றிடம் உண்டாகும். பழைய பெட்போர்ட்கள் பலவற்றில் பிரேக் மிதிக்கும் காலுக்குப் பலம் கொடுத்தது அந்த வெற்றிடம்தான். டீசலில் பெரும்பாலும் அந்தக் கதவே கிடையாது. காபரேட்டரைக் கழற்றும்போது பிரேக்கின் பலமும் சேர்ந்து கழன்றுவிடுகிறது. குழாயின் வாயை அடைத்துவிட்டு வண்டியை எடுத்தால் கராஜ் வாசலில் ஒன்றும் தெரியாது. பாரம் ஏற்றி கலகெதரையிலிருந்து குருநாகல் பக்கம் இறங்கும்போது மிதி கல்லாகிவிடும்.

விஷயம் தெரிந்த பாஸ்மார் இஞ்சின் வாங்கும்போதே ஒல்டனேட்டரின் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். ஜப்பான் டீசல்கள் பலவற்றில் வெக்கும் பம்ப் அதோடு ஒட்டியே வரும். அதை விட்டுவிட்டு இஞ்சினை மட்டும் மலிவாக வாங்கியவருக்கு, மிச்சம் பிடித்த காசு வளைவில் தெரியும். டீசல் இஞ்சின் கனம் வேறு, முன் ஸ்ப்ரிங்கையும் பார்க்க வேண்டும்.

இத்தனை பாட்டுக்கும் காரணம் விலை. அதே பாரத்துக்கு டீசல் குறைவாகக் குடிக்கும், லீட்டரும் மலிவு. 2021 டிசம்பரில் 92 பெற்றோல் 177 ரூபா, டீசல் 121. ஆறே மாதத்தில், 2022 ஜூன் கடைசியில், 470க்கும் 460க்கும் வந்து நின்றது. 56 ரூபா இடைவெளி பத்தாகிப் போனது. அந்தப் பத்துக்கும் வரிசையில் நாட்கணக்காக நிற்க வேண்டியிருந்தது. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 வரை முழுதாகத் திறக்கவில்லை. இடையில் ஓடியதெல்லாம் ஏற்கனவே இங்கே இருந்த வண்டிகள்தான்.

உங்கள் ஊர் கராஜில் வயதான பாஸ் ஒருவர் இருந்தால், ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள், போனில் பதிவும் செய்துகொள்ளுங்கள். எத்தனை வண்டி மாற்றினீங்க என்று பிறகு கேட்கலாம். முதல்ல கேட்க வேண்டியது இது: பிரேக்குக்கு வெக்கும் எங்கேருந்து எடுத்தீங்க?