மாணவர் அறைச் சுவர்: ஒரு பழைய வியாபாரத்தின் கதை

1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறிய நிறுவனம் வெளியிட்ட போஸ்டர், 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்கிறார்கள். சிவப்பு நீச்சலுடையில் வாய்விட்டுச் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் ஃபாரா ஃபாசெட் என்ற நடிகையின் படம் அது. ஆப்செட் மெஷின் பக்கத்திலேயே வேலைக்காலத்தைக் கழித்த என்னைப் போன்ற சிவகாசிக்காரனுக்கு அந்த எண்ணின் கனம் சட்டென்று புரியும். எத்தனை முறை பிளேட் மாற்றியிருப்பார்கள், எத்தனை லாரி தாள் வந்து இறங்கியிருக்கும் என்றுதான் மனம் முதலில் கணக்குப் போடும். ஆனால் அந்தப் போஸ்டரில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அச்சைப் பற்றி அல்ல. அந்த யோசனை வந்த வழியைப் பற்றி.

ப்ரோ ஆர்ட்ஸ் என்ற அந்த நிறுவனத்தை நடத்திய டெட் டிரிக்கிலிஸ் அந்த நடிகையின் பெயரையே அதுவரை கேள்விப்பட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் மகன் அக்ரான் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவன். தன்னோடு படிக்கும் பையன்கள் அந்த நடிகையின் படம் வருகிறது என்பதற்காகவே பத்திரிகைகளை வாங்குகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னவன் அவன்தான். டிரிக்கிலிஸ் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். புரூஸ் மெக்ப்ரூம் என்ற புகைப்படக்காரர் நடிகையின் வீட்டிலேயே படம் எடுத்தார். பின்னால் தெரியும் கோடு போட்ட போர்வை, அந்தப் புகைப்படக்காரருடைய பழைய வண்டியின் இருக்கையில் விரித்திருந்தது. அந்த நீச்சலுடை 2011 முதல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையை என் அக்கா மகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. கோயம்புத்தூரில் படிப்பை முடித்தவள். கல்லூரி விடுதி அறைகளையும் பி.ஜி. அறைகளையும் அலங்கரித்துக் கொடுக்கும் தொழில் ஒன்று தொடங்க நினைக்கிறாள். சுவருக்குப் படங்கள், சீரியல் லைட், திரைச்சீலை, அதற்குப் பொருத்தமான படுக்கை விரிப்பு, சின்னக் கண்ணாடி என்று ஓர் அறைக்கு ஒரு பெட்டி. "மாமா, இது ஓடுமா?" என்று கேட்டாள். தோழிகள் எல்லாரிடமும் போனில் கேள்வித்தாள் அனுப்பியிருந்தாள். எல்லாரும் நன்றாக இருக்கும், கட்டாயம் வாங்குவோம் என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஊரில் ஆடிப் பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவோம். ஏஜென்டுகள் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து, இந்த முருகன் அருமை, அந்த லட்சுமி பிரமாதம் என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு யாரும் தாள் வாங்கப் போவதில்லை. எந்த நம்பருக்கு முன்பணம் வந்ததோ அந்தப் படம்தான் மெஷினில் ஏறும். அக்ரான் மாணவர்களிடம் யாரும் கேள்வித்தாள் கொடுக்கவில்லை. தங்கள் கைக்காசைப் போட்டு அவர்களாகவே பத்திரிகை வாங்கிக்கொண்டிருந்தார்கள். விற்பவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்ட செலவு அது. அப்படி ஏதாவது உன் தோழிகளின் அறையில் நடக்கிறதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, தெருவில் அச்சடித்து வாங்கும் சின்னப் போட்டோக்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறார்கள் என்றாள். அதை எழுதி வை என்றேன்.

அவள் நினைப்பது போல இது புதுத் தொழிலும் அல்ல. இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழக ஊர்களில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்திருக்கிறது. ஆக்ஸ்போர்டில் அன்று கல்லூரி அறை என்றால் பல இடங்களில் வெறும் சுவரும் கணப்படுப்பும்தான். மேசை, நாற்காலி, திரை, சுவர்ப்படம் எல்லாம் மாணவனின் பொறுப்பு. 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊரின் ஹை ஸ்ட்ரீட்டில் ஸ்பையர்ஸ் அண்டு சன் என்ற கடை இருந்தது. காகிதக் கூழில் செய்த தட்டு, பெட்டி, மேசைப் பலகைகளின் மேல் கல்லூரிக் கட்டடங்களை வரைந்து விற்றார்கள். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அந்தச் சரக்கு இடம்பெற்றது. அதே தெருவில் சித்திர அச்சுகள் விற்ற ரைமன் என்பவரின் கடையும் இருந்தது. 1870களில் மாக்டலன் கல்லூரியில் படித்த ஆஸ்கர் வைல்டு தன் அறையில் நீலப் பீங்கான்களைச் சேர்த்து அடுக்கியது அன்றைக்கே ஊர்ப்பேச்சு. படிக்க வந்த இடத்திலும் நான்கு சுவரைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் ஆசை அன்றும் இருந்தது. அதற்குச் சரக்குப் போட்டு உட்கார்ந்திருந்த கடைக்காரர்களும் இருந்தார்கள்.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரு கொடுக்கல் வாங்கல் முறை. பிரான்சிஸ் க்ரோஸ் தொகுத்த கொச்சை மொழி அகராதியின் 1811ஆம் ஆண்டுப் பதிப்பில் அது பதிவாகியிருக்கிறது. மாணவன் வாங்கிய வீட்டுச் சாமானை ஓர் ஆண்டுக்குள் திருப்பிக் கொடுத்தால், அறைச் சாமான் வியாபாரி முதல் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பித் தருவார். பின்னாளில் இதே கணக்கு மாணவர்களுக்குள்ளும் வந்தது. அறையைக் காலி செய்பவன் தான் கொடுத்த விலையில் மூன்றில் ஒன்றைக் கழித்துவிட்டு, சாமானை அடுத்து வருபவனிடம் விட்டுப் போவான். 30 பவுனுக்கு வாங்கிய சாமான் அடுத்தவனுக்கு 20, அதற்கடுத்தவனுக்கு 13 பவுன் சொச்சம். கணக்கைப் பாருங்கள். மாணவன் உண்மையில் கொடுத்தது அந்த மூன்றில் ஒரு பங்கு மட்டும்தான். ஓராண்டு அந்தச் சாமானோடு வாழ்ந்ததற்கான வாடகை அது. வியாபாரிக்கோ, அதே மேசை மறுபடி கைக்கு வந்து மறுபடி விலை போனது. தன் வாடிக்கையாளன் நிரந்தரமாக இருக்கப் போவதில்லை என்பதை மனத்தில் வைத்தே விலை வைத்த வியாபாரிகள் அவர்கள். என் அக்கா மகளின் விலைப் பட்டியலில் விற்கும் விலை மட்டும்தான் இருந்தது. மே மாதம் அறை காலியாகும்போது அந்தத் திரைச்சீலை எங்கே போகும் என்பதற்கு அதில் இடமே இல்லை.

அந்த ஊர்களின் கடைக்காரர்கள் எல்லாரும் சுகமாக இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மாணவர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தார்கள், வசூலிக்க அலைந்தார்கள். 1908இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த நாஷ் எதிர் இன்மன் வழக்கு இன்றும் சட்ட மாணவர்களுக்குப் பாடம். லண்டன் சவில் ரோவின் தையற்காரர் ஒருவர், கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரி மாணவன் ஒருவனுக்கு 1902 அக்டோபருக்கும் அடுத்த ஜூனுக்கும் இடையே 122 பவுனுக்கு மேல் துணிமணி தைத்துக் கொடுத்தார். அதில் ஆடம்பர வேஸ்ட்கோட் மட்டும் 11. பையனுக்கு 21 வயது நிரம்பவில்லை. வயது வராதவனிடம் அத்தியாவசியப் பொருளுக்கு மட்டுமே பணம் கேட்க முடியும் என்பது சட்டம். தேவையான உடைகளை அப்பாவே ஏற்கெனவே வாங்கிக் கொடுத்திருந்தார் என்று தெரிந்ததும் தையற்காரர் தோற்றார். இது துணி வழக்குதான், ஆனாலும் நம் விஷயத்துக்கு நெருங்கிய உறவு. மாணவர் சந்தையில் ஆசைப்படுவது ஒருவர், பணம் கொடுப்பது இன்னொருவர். சீரியல் லைட்டைப் பார்த்து மகள் மகிழ்வாள். பணத்தை அனுப்பும் அப்பா, ஃபேன் இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்பார்.

சுவருக்கு வருவோம். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் படித்த காலம் போய், கல்லூரிகள் பெருகியதும் பீங்கானும் மேசையும் பின்னால் போயின. இடத்தைத் தாள் பிடித்துக்கொண்டது. ஓலே கிறிஸ்டென்சன் 1964இல் லண்டனில் தொடங்கிய அதீனா, சித்திரங்களையும் புகைப்படங்களையும் மாணவன் கைக்கு எட்டும் விலையில் போஸ்டராகப் போட்டுப் பிரிட்டன் முழுக்கக் கடை விரித்தது. மார்ட்டின் எலியட் 1976இல் பர்மிங்ஹாமில் எடுத்த டென்னிஸ் பெண் படம் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 1986இல் வந்த, கைக்குழந்தையை ஏந்திய இளைஞனின் கறுப்பு வெள்ளைப் படம் அதையும் மிஞ்சியது. அதீனா கடை விரித்துக்கொண்டிருந்த காலத்திலேயே லெஸ்டர் நகரில் போஸ்டிக் நிறுவனம் தற்செயலாகக் கண்டெடுத்த ஒரு பசைக்கட்டி, ப்ளூ டாக் என்ற பெயரில் கடைக்கு வந்தது. முதலில் அது வெள்ளையாக இருந்தது. குழந்தைகள் சூயிங்கம் என்று வாயில் போட்டுவிடக் கூடாது என்றுதான் நீலச் சாயம் சேர்த்தார்கள். ஆணி வேண்டாம், சுவரில் காரை பெயராது, ஆண்டு முடிவில் உருட்டி எடுத்துவிடலாம். போஸ்டர் வியாபாரம் மாணவர் அறைக்குள் தங்கியதில் அந்த நீலக்கட்டிக்கும் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அழகை விற்பவர், அந்த அழகு யாருடைய சுவரில் எப்படி நிற்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. அதீனா 1995இல் நொடித்தது. எத்தனையோ லட்சம் விற்றும் நிலைக்கவில்லை.

நம் பக்கத்தில் கதை வேறு மாதிரி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அந்த லேபிளுக்காகச் சிவகாசியில் லித்தோ அச்சகங்கள் வந்தன, அவற்றோடு காலண்டரும் வந்தது. கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் எங்கள் மெஷின் வழியாக நாடு முழுக்கப் போயின. இவற்றில் பெரும்பகுதியைச் சுவரில் மாட்டியவர் காசு கொடுத்து வாங்கவில்லை. ஜவுளிக்கடைக்காரரோ மளிகைக்கடைக்காரரோ தன் பெயரைப் போட்டுத் தை மாதத்துக்கு முன்னால் இனாமாகக் கொடுத்தார். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளிலும் கல்லூரி விடுதிகளிலும் தேதித் தாள் தீர்ந்த பிறகும் அட்டை மட்டும் படத்துக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும். அது போக, சினிமாப் பத்திரிகையின் நடுப்பக்கம். 1978இல் ஸ்போர்ட்ஸ்டார் வந்த பிறகு அதன் நடுவில் வரும் விளையாட்டு வீரர்களின் வண்ணப்படம். ஒட்டுவதற்கு மைதாப் பசை. அதைச் சுரண்டி எடுக்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து வரும். காஷன் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள்.

காசு கொடுத்து வாங்கும் போஸ்டரும் நாங்கள் போட்டோம். பனி மலை, ஏரிக்கரை வீடு, கன்னத்தில் கை வைத்த குழந்தை, கீழே ஓர் ஆங்கில வாசகம். திருவிழாக் கடைகளிலும் பஸ் ஸ்டாண்ட் நடைபாதையிலும் விரித்து வைத்து விற்பார்கள். சீனரி படங்கள் நன்றாகவே ஓடின. அந்தப் பச்சையை எடுப்பதற்காக மை கலக்கும் அண்ணாச்சிகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மேலைநாட்டு மலை வீட்டை ஒருநாளும் பார்த்திராதவர்கள், அந்தப் புல்வெளிக்கு வேண்டிய நிறத்தைக் கண்ணாலேயே பிடித்தார்கள். அந்த உழைப்பை எழுதிவைக்க யாரும் இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இனாமாகக் கிடைத்த சுவர்ப்படத்துக்குப் பழகிய ஊரில் என் அக்கா மகள் விலை சொல்லப் போகிறாள். அவளுடைய போட்டி பெரிய கம்பெனி அல்ல, சும்மா கிடைக்கும் அட்டை. இன்றைக்கு அந்த இடத்தில் போனில் இறக்கி, ஜெராக்ஸ் கடையில் சில்லறைக்கு அச்சடித்துக்கொள்ளும் படம் இருக்கிறது. ஆகவே படத்தை விற்காதே என்றேன். படம் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அதை மாட்டுகிற ஏற்பாட்டை, விளக்கை, துணியை, அறைக்குப் பொருந்தும் அளவில் நீ கொடு.

சோதித்துப் பார்ப்பதற்கு அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். ஒரே ஒரு விடுதியை எடுத்துக்கொள். ஆண்டுக் கடைசியில் அறை காலி செய்யும் நாளில் வாசலில் நின்று, எதைப் பெட்டியில் வைத்துக் கட்டுகிறார்கள், எதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறார்கள் என்று பார். வார்டனிடம் முதலில் பேசு. ஆணி, ஒட்டு, மின்சார விளக்கு மூன்றுக்கும் என்ன விதி என்று கேட்டு எழுதிக்கொள். திருப்பிக் கொடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு என்ற அந்தப் பழைய முறையில் ஒரு விலை வை, நேராக விற்கும் விலை ஒன்றும் வை. எதற்கு முன்பணம் வருகிறது என்று பார்.

அவள் விடுதியை விட்டு ஒரு பெண்கள் பி.ஜி.யில் தொடங்கினாள். கண்ணாடிக்கு ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரம்மா மறுத்துவிட்டதால் மேசை மேல் நிற்கும் கண்ணாடியாக மாற்றியிருக்கிறாள். முன்பணம் கொடுத்தவர்களில் அதிகம் பேர் திருப்பிக் கொடுக்கும் விலையையே கேட்டார்கள். ஒரு பெண்ணின் அம்மா மட்டும் போன் செய்து, விரிப்பைத் துவைத்தால் சாயம் போகுமா என்று விசாரித்துவிட்டு, நேர் விலையிலேயே இரண்டு வாங்கினார். சரக்கு மே மாதம் திரும்பி வரும்போது எத்தனை திரை கிழியாமல் இருக்கிறது, எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதுவரை புதுச் சரக்குக்குப் பணம் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.