உதிரப்பட்டியும் உபகாரச் சம்பளமும்



நாட்டுக்காகப் பணி செய்து மாண்டவனின் மனைவிக்கு அரசு செலுத்த வேண்டிய கடன் யாது? இவ்வினா தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. போரில் பட்ட வீரனின் குடும்பம் பிழைப்பதற்கு நிலம் விடுவது பண்டைய வழக்கம். அந்நிலத்தைக் கல்வெட்டுக்கள் 'உதிரப்பட்டி' என்று கூறும். உதிரம் என்பது குருதி. சிந்திய குருதிக்கு ஈடு விளைநிலம் என்று நம் முன்னோர் கொண்டனர்.

பணி செய்தவர் மறைந்த பின்னும் ஊதியம் குடும்பத்தைச் சேரும் முறையைத் தஞ்சைப் பெரிய கோயிலிலும் காணலாம். அது படை வீரரைப் பற்றிய செய்தியன்று. கோயிற் பணியாளரைப் பற்றியது. 1014-ஆம் ஆண்டை ஒட்டிய இராசராச சோழனின் கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்குத் தலைக்கு ஒரு பங்கு வகுக்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். பங்குடையவர் இறந்தால் நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணியைத் தொடரலாம். தமக்குத் தகுதி இல்லையேல், தக்கார் ஒருவரை அமர்த்திப் பங்கைப் பெறலாம்.

இனி, படைவீரரிடம் மீள்வோம். களத்தில் வீழ்ந்தவனின் புண்ணை ஊரே கண்டது; சாட்சி தேட வேண்டியதில்லை. புற்றுநோயின் இயல்பு வேறு. பணிக்காலத்தில் உடலிற் புகுந்த நஞ்சு, பல்லாண்டுகள் கழித்து நோயாக வெளிப்படக்கூடும். அதற்குள் வீரன் படையை விட்டு நீங்கி ஊரில் உழவு செய்துகொண்டிருப்பான்.

இதற்கு வரலாற்றில் ஒரு துயரச் சான்று உண்டு. 1930-களில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாக, இராவல்பிண்டியில் பிரிட்டிஷ் அறிஞர்கள் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்களின் மீது கடுகு வாயுவைச் சோதித்தனர். அவ்வாயு புற்றுநோயை விளைவிக்கும் என்பது பின்னர் உறுதியாயிற்று. சோதனைக்கு உள்ளானோர் பிற்காலத்தில் நோயுற்றனரா என்று எவரும் தொடர்ந்து பார்க்கவில்லை. ஆவணங்களில் கிடந்த இச்செய்தி 2007-இல்தான் உலகறிய வெளிவந்தது. அதற்கு முன் அச்சிப்பாய்களின் மனைவியர் எதைக் காட்டி உரிமை கேட்டிருக்க இயலும்?

இன்றைய இந்திய விதிகளின்படி, போர்க்களத்தில் மாண்டவரின் மனைவிக்குக் கடைசி ஊதியம் முழுமையும் ஓய்வூதியமாகும். பணியால் விளைந்த நோயால் மாண்டவரின் மனைவிக்கு 60 விழுக்காடு. மற்றையோருக்குப் பொது விகிதம் 30 விழுக்காடு. ஆகவே, 'இந்நோய் பணியால் வந்தது' என்ற ஒரு வரியை மருத்துவக் குழு எழுதாவிடில், ஒரு கைம்பெண்ணின் உலையில் பாதி அரிசி குறைகிறது.

அவ்வரியை மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது? படையில் சேருகையில் குறிக்கப்படாத நோயால் ஒருவர் பணியினின்று விலக்கப்பட்டால், அது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றெனக் காட்டுவது அரசின் பொறுப்பு என்றும் கூறியது. அத்தீர்ப்பு 1982-ஆம் ஆண்டு விதிகளைப் பற்றியது. 2023-இல் புதிய விதிகள் வந்துள்ளன. ஓய்வு பெற்ற நெடுநாளுக்குப் பின் தோன்றும் புற்றுநோய்க்கோ அந்த ஆதரவு எளிதில் எட்டுவதில்லை. அமெரிக்காவில் வியத்நாம் போரில் தெளித்த நச்சு மருந்தால் வரும் சில புற்றுநோய்களைப் பணியால் வந்தனவாகவே கொள்ளுமாறு 1991-இல் சட்டம் இயற்றினர். அங்கு மனைவி மருத்துவரோடு வாதிட வேண்டிய சுமை அவ்வளவில் குறைந்தது.

ஒரு காலத்தில் பென்ஷனைத் தமிழில் 'உபகாரச் சம்பளம்' என்றனர். உபகாரம் என்றால் செய்பவர் மனம் வைத்தால்தான் உண்டு. 1982-இல் நம் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் கொடையன்று, உரிமையே என்று தெளிவுபடுத்தியது. சொல் மாறியது போல நடைமுறையும் மாற வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊரில் படைவீரரின் மனைவி எவரேனும் இருப்பின், கணவரின் பணி விடுப்புச் சான்றையும் மருத்துவக் குறிப்புகளையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். தஞ்சையிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மனு எழுத உதவுங்கள். மனு மறுக்கப்பட்டால், சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருப்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். சோழர் காலத்தில் உரிமையைக் கல் காத்தது. இன்று அதைக் காப்பது தாள். அத்தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்.