முச்சையும் மின்சுழலியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களிற் பட்டம் ஏற்றுதல் சிறுவர் விளையாட்டு மட்டுமன்று. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடைபெறும் போட்டிக்கு வரும் பட்டங்களுட் சில, பலர் கூடிக் கயிறு பிடித்தாலன்றி அடங்காதவை. 2021ஆம் ஆண்டு டிசெம்பரில், பருத்தித்துறைப் பகுதியில் அத்தகைய பட்டமொன்றின் கயிற்றை மற்றையோர் கைவிட, விடாது பற்றியிருந்த ஒருவர் கயிற்றோடு வானில் தூக்கிச் செல்லப்பட்டார். பின்னர் கீழே விழுந்து உயிர் தப்பினார். உலகம் அக்காட்சியை வேடிக்கையாகவே பார்த்தது. ஆயின், தனிமனிதப் பறப்பின் வரலாற்றை ஆராய்வோர்க்கு அவ்வரலாற்றின் மையச் சிக்கலே அதிற் புலனாகும். மனிதனை மேலெழுப்புதல் அத்துணை அரிதன்று. எழுந்தவனை நிலையாக வைத்திருப்பதே அரிது.

1894ஆம் ஆண்டு நவம்பரில், அவுஸ்திரேலியாவின் ஸ்ரான்வெல் பார்க் கடற்கரையில், லோரன்ஸ் ஹார்கிரேவ் நான்கு பெட்டிப்பட்டங்களைத் தொடுத்து 16 அடி உயரம் எழுந்தார். அவரும் நிலத்தோடு பிணைக்கப்பட்டே இருந்தார். பட்டத்தின் நிலைபேறு முச்சையிலும், கயிறு பிடிப்போர் கையிலும் தங்கியுள்ளது. முச்சை விரலளவு பிழைத்தாலும் காற்றை ஏற்கும் கோணம் மாறிப் பட்டம் குத்திவிடும். முச்சை கட்டும் பொறுப்பு அநுபவமுள்ளவரிடமே விடப்படுவது இதனாலேயாம்.

காற்று வீசாவிடினும் மேலெழ விரும்பியோர், காற்றைக் கீழ்நோக்கித் தள்ளும் சுழலிகளை நாடினர். பிரான்சிலே லூயி பிரெகே, தம் சகோதரர் ஜாக் என்பாருடனும் பேராசிரியர் சார்ள்ஸ் ரிஷேயுடனும் அமைத்த நான்கு சுழலிப் பொறி, 1907ஆம் ஆண்டில் ஆளொருவருடன் ஏறத்தாழ 2 அடி எழுந்தது. எனினும் அதன் நான்கு மூலைகளிலும் நால்வர் நின்று பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடற்கரையிற் கயிறு பிடித்து நிற்போரை நாம் இங்கே நினைவுகூரலாம்.

அந்நால்வரின் கைகளைப் பொறிக்குள்ளேயே அமைப்பது எங்ஙனம் என்பதே அடுத்த நூற்றாண்டின் வினாவாயிற்று. எத்தியேன் ஏமிஷேன் 1924 மே மாதத்தில், நான்கு பெருஞ்சுழலிகளோடு எட்டுச் சிறு விசிறிகளையும் பொருத்திய பொறியில், 1 கிலோமீற்றர் சுற்றுப்பாதையை 7 நிமிடம் 40 விநாடியிற் கடந்தார். நிலைபேற்றுக்கும் திசைமாற்றத்துக்குமென இத்தனை விசிறிகள்! அனைத்தையும் இயக்கியது ஒரே எஞ்சின். அதன் வலுவைப் பல திசைகளுக்கும் பகிர்ந்தனுப்பும் பொறியமைப்பு சிக்கல் மிக்கதாயிற்று.

மின்மோட்டர் இச்சிக்கலை அவிழ்த்தது. ஒவ்வொரு சுழலிக்கும் தனி மோட்டர் உண்டு. சாய்வை உணரும் சிறு கருவிகள் ஒரு விநாடியிற் பன்முறை தகவல் தர, கணினி எந்த மோட்டர் விரைய வேண்டும், எது தணிய வேண்டும் எனத் தீர்மானிக்கிறது. இவ்வகையில் மனிதனை ஏற்றிச்சென்ற முதற் பறப்பெனக் கொள்ளப்படுவது, 2011 ஒக்ரோபர் 21இல் ஜேர்மனியில் தோமஸ் செங்கெல் நிகழ்த்தியதாகும். 16 சுழலிகள், 90 விநாடிகள். இறங்குவதற்கு இருக்கையின் கீழே ஓர் உடற்பயிற்சிப் பந்து! அவரைக் கீழிருந்து எவரும் பிடித்திருக்கவில்லை என்பதே அந்த 90 விநாடிகளின் பெருமை.

கைகள் விலகின, சுமை விலகவில்லை. ஒரு கிலோகிராம் பெற்றோலில் ஏறத்தாழ 12,000 வாற்று-மணி ஆற்றல் அடங்கும். அதே நிறையுள்ள இலிதியம் மின்கலத்தில் 250 அளவே. ஒரே இடத்தில் மிதந்து நிற்பதற்கும் பொறி இடையறாது வலுவைச் செலவிட வேண்டும். பட்டமோ அச்செலவைக் காற்றிடம் விட்டுவிட்டு இரவு முழுவதும் விண் கூவிக்கொண்டு நிற்கும்.

இதனாலேயே இத்துறையினர் பலர் மீண்டும் இறக்கையை நாடுகின்றனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் சத்ய சக்கரவர்த்தி 2019இல் தொடங்கிய இ-பிளேன் நிறுவனத்தின் வடிவமைப்பில், செங்குத்தாக எழுவதற்குச் சுழலிகளும், முன்னேறும்போது பாரத்தைத் தாங்குவதற்குக் குறுகிய இறக்கைகளும் இணைக்கப்பட்டுள்ளன.