கண்ணாடிப் பீரங்கி பிறந்த கதை

எந்த கேம் ஆடினாலும் நான் மந்திரவாதியைத்தான் எடுப்பேன். ஒரே அடியில எதிரிக் கூட்டத்தையே சாம்பலாக்கலாம். ஆனா திருப்பி ஒரு அடி விழுந்தா கதை முடிஞ்சது. இந்த மாதிரிப் பாத்திரங்களுக்கு கேமர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கண்ணாடிப் பீரங்கி’. கேட்டால் வெறும் உவமை மாதிரி இருக்கும். ஆனால் இந்த ஆள் நிஜமாகவே பீரங்கியின் வாரிசு.

1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய ‘செயின்மெயில்’, மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு. அதன் மாயக்கதைப் பகுதியில் ஒரு மந்திரவாதி வருகிறார். அவர் வீசும் தீக்கோளம் பெரிய கவண்பொறிக்குச் சமம். மின்னல், கனரகப் பீரங்கிக்குச் சமம். இருந்த ஆயுதத்துக்கே அங்கி மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கண்ணாடி பிறகுதான் வந்தது. 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, படைக்குப் பதிலாக ஆளுக்கொரு பாத்திரத்தைக் கையில் கொடுத்தது. மந்திரவாதிக்குக் கவசம் கிடையாது. முதல் நிலையில் ஒரே ஒரு மந்திரம். 1975இல் வந்த ‘கிரேஹாக்’ இணைப்பில், உயிர்ப்புள்ளிகளுக்காக வீரன் உருட்டுவது எட்டுமுகப் பகடை. இவர் உருட்டுவது நாலுமுகப் பகடை. அதில் 1 விழுந்தால், ஒரு கத்திக்குத்து போதும்.

அநியாயம்னு தோணலாம். எனக்குத் தோணல. போர்க்களத்தில் பீரங்கி தனியா நிக்காது. முன்னால காலாட்படை நிக்கணும். அந்த நாலுமுகப் பகடைதான் வீரனை மந்திரவாதிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. ஒருத்தரே எல்லாத்தையும் சமாளிச்சிட முடிஞ்சிருந்தா, பக்கத்துல இன்னொருத்தர் எதுக்கு?