பனிநிலம் கூறும் பழமை: மருந்தை எதிர்க்கும் நுண்ணுயிர்களின் வரலாறு

குளிர்மிக்க மலைமுடிகளும் துருவ நிலங்களும் மாசற்ற இடங்கள் என்னும் எண்ணம் மிகப் பழையது. 19ஆம் நூற்றாண்டின் அறிவியலும் அதற்கு ஓரளவு சான்று தந்தது. 1860ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் உலூயி பாஸ்டர், உயிர் தானாகவே தோன்றுவதன்று என்பதை நிறுவும் ஆய்வின் ஒரு பகுதியாக, அல்ப்ஸ் மலையிலுள்ள மேர் த கிளாஸ் என்னும் பனியாற்றுக்குச் சென்றார். கொதிக்கவைத்து அடைத்த ஊட்டநீர்க் குடுவைகள் இருபதை அங்கே திறந்து, மலைக்காற்றை உட்புகவிட்டு, மீண்டும் அடைத்தார். அவற்றுள் 1 மட்டுமே கெட்டது. தாழ்நிலத்திலே திறந்த 20 குடுவைகளில் 8 கெட்டன. ஆயினும் இச்சோதனை காற்றைப் பற்றியதேயன்றிப் பனிக்குக் கீழுள்ள மண்ணைப் பற்றியதன்று. அம்மண்ணிலே பற்றீரியாக்கள் வாழ்கின்றன என்பதும், அவற்றுட் சில இக்கால மருந்துகளை எதிர்க்கவல்லன என்பதும் பின்னரே வெளிப்பட்டன. மருந்தெதிர்ப்பைப் பற்றி மருத்துவ உலகம் கொண்டிருந்த கருத்தை இவ்வுண்மை எவ்வாறு திருத்தியது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பெனிசிலினை அலெக்சாந்தர் பிளெமிங் இலண்டனிலே கண்டறிந்தது 1928ஆம் ஆண்டில். அதனை மருந்தாக்கும் பணி ஒக்ஸ்போட்டில் நடைபெற்றது. அங்கே முதல் நோயாளிக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது 1941 பெப்ரவரியில். ஆனால், அதற்கு முன்பே, 1940 டிசம்பரில், பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம் ஒன்று பற்றீரியாவில் உண்டென எபிரகாம், செயின் என்னும் இருவர் அறிவித்துவிட்டனர். மருந்து பயன்பாட்டுக்கு வருமுன்னரே அதற்கு மாற்று இயற்கையில் இருந்தது என்பதற்கு இது முதற் குறிப்பாகும். எனினும் அக்காலத்தார் இதன் பொருளை முழுதும் உணர்ந்திலர். 1945இல் நோபெல் பரிசு பெற்ற பிளெமிங், குறைந்த அளவிற் பெனிசிலினை வழங்கினால் நுண்ணுயிர்கள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். எதிர்ப்பாற்றல் மருந்தின் பின்விளைவே என்னும் கொள்கை இவ்வாறு வலுப்பெற்றது.

1950களில் ஜப்பானிலே பரவிய வயிற்றளைச்சல் நோய் அக்கொள்கைக்கு ஒரு சிக்கலை உண்டாக்கியது. நோய்க்குக் காரணமான பற்றீரியா ஒரே வேளையிற் பல மருந்துகளை எதிர்த்தது. அவ்வாற்றலைத் தொடர்பால் வேறு பற்றீரியாவுக்கும் வழங்கியது. பிளாஸ்மிட்டு எனப்படும் வட்டவடிவ டீ. என். ஏ. துண்டுகளே அதனைச் சுமந்து சென்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மருந்துகள் வழக்கிற்கு வந்து சில ஆண்டுகளே கழிந்திருக்க, இத்துணை நேர்த்தியான எதிர்ப்பு முறைகள் எங்கிருந்து வந்தன?

மண்ணிலிருந்து வந்திருத்தல் கூடும் என்பது ஒரு விடை. 1943இல் வக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் சாட்ஸ் கண்டறிந்த ஸ்திரெப்தோமைசின் மண்வாழ் நுண்ணுயிரொன்றின் விளைபொருளே. நஞ்சை உண்டாக்கும் உயிர் அந்நஞ்சாலே தான் மாளாதிருக்கத் தற்காப்பும் பெற்றிருத்தல் வேண்டும். இத்தற்காப்புக்குரிய பரம்பரையலகுகளே நோய்க்கிருமிகளைச் சென்றடைந்தன என்னும் கருத்தை 1973இல் பென்வெனிஸ்ட், டேவிஸ் ஆகியோர் முன்வைத்தனர். இதனை ஐயமற நிறுவுதற்கு மனிதன் செய்த மருந்து ஒருபோதும் தீண்டாத மண் வேண்டியிருந்தது. அத்தகைய மண் உறைநிலத்திலேயே கிடைக்கும்.

முதலிற் கிடைத்த சான்று ஒரு கல்லறையிலிருந்து வந்தது. 1845இல் ஜோன் பிராங்கிளின் தலைமையில் வடமேற்குக் கடல்வழி தேடிச் சென்ற ஆங்கிலக் கப்பல்களின் மாலுமிகள் மூவர், 1846இல் இறந்து கனடாவின் வடபாலுள்ள பீச்சி தீவிலே புதைக்கப்பட்டனர். 1980களில் அக்கல்லறைகள் தோண்டப்பட்டபோது, உடல்கள் பனியிற் பெரிதும் கெடாதிருந்தன. அவற்றிலிருந்து வளர்த்தெடுத்த பற்றீரியாக்களுட் சில, அம்மாலுமிகள் இறந்து நூறாண்டுக்கு மேற்பட்ட பின் ஆக்கப்பட்ட மருந்துகளை எதிர்த்தன. ஆயினும் பிற்காலக் கலப்பு நேர்ந்திருக்கலாம் என்னும் ஐயம் இத்தகைய சான்றுகளை விட்டு எளிதில் அகல்வதன்று.

அவ்வையத்தை நீக்கும் முறையோடு செய்யப்பட்ட ஆய்வு 2011இல் வெளிவந்தது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரி ரைட்டும் அவர்தம் குழுவினரும், யூக்கொன் பிரதேசத்து டோசன் நகருக்குக் கிழக்கே, எரிமலைச் சாம்பற் படையால் மூடப்பட்ட, 30,000 ஆண்டுப் பழமையுடைய உறைமண்ணை அகழ்ந்தெடுத்தனர். அகழ்ந்த மண்ணுருளையின் புறத்தே அடையாளமுள்ள பற்றீரியாவைத் தெளித்து, அது உள்ளே புகவில்லை என்பதை உறுதிசெய்தனர். உள்ளிருந்த டீ. என். ஏ.யில் மறைந்தொழிந்த மம்மத யானையின் சுவடு இருந்தது. பெனிசிலின் வகை, தெத்திராசைக்கிளின், வன்கோமைசின் வகை ஆகியவற்றை எதிர்க்கும் பரம்பரையலகுகளும் இருந்தன. வன்கோமைசின் மருத்துவத்திற் புகுந்தது 1950களின் இறுதியில். மருத்துவமனைகளிலே அதனை எதிர்க்கும் குடற் பற்றீரியாக்கள் அறியப்பட்டது 1980களின் பிற்பகுதியில். பழைய பரம்பரையலகைக்கொண்டு ஆய்வாளர் ஆக்கிய புரதமும் இக்காலப் புரதத்தை அமைப்பிற் பெரிதும் ஒத்திருந்தது. மருந்தெதிர்ப்பு மனிதனின் மருந்துக்கு முற்பட்டது என்பது இதனால் உறுதியாயிற்று.

தென்துருவமும் இதற்கு உடன்பட்டது. அந்தாட்டிக்காவின் மக்கே பனியாற்றை அடுத்த மண்ணில் எதிர்ப்புக்குரிய 177 பரம்பரையலகுகள் காணப்பட்டன என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. அவை உயிரிலிருந்து உயிருக்குத் தாவுதற்குரிய துணைக்கூறுகள் அங்கே அருகியே இருந்தன. முன்னோரிடமிருந்து வழிவழி வந்த உடைமையாக அவை ஓரிடத்திலேயே தங்கியிருந்தன என்க.

இவற்றைக்கொண்டு, எதிர்ப்பு இயற்கையின் செயலாதலின் மனிதர்மேற் பழியில்லை என்று முடிவுசெய்வோர் உளராயின், அவர் மற்றொரு சான்றையும் நோக்குதல் வேண்டும். எவெரிட் மறே என்பார் 1917 தொடக்கம் 1954 வரை திரட்டிய குடற் பற்றீரியாக்களை ஹியூஸ், டாட்டா என்னும் இருவர் ஆராய்ந்து 1983இல் முடிவை வெளியிட்டனர். பிளாஸ்மிட்டுகள் அப்பழைய நோய்க்கிருமிகளிலும் பரவலாக இருந்தன. ஆனால் மருந்தெதிர்ப்பு அவற்றில் ஏறக்குறைய இல்லை. அஃதாவது, சுமந்து செல்லும் வண்டி முன்னரே இருந்தது. மண்ணிலே சரக்கும் இருந்தது. சரக்கை வண்டியில் ஏற்றியது மருந்தின் பெரும்பயன்பாடே.

ஏற்றிய சரக்கு எத்துணைத் தொலைவு செல்லும் என்பதையும் பனிநிலமே காட்டியது. என். டி. எம்.-1 என்னும் எதிர்ப்புப் பரம்பரையலகு, இந்தியாவிலே சிகிச்சை பெற்றுச் சுவீடனுக்குத் திரும்பிய நோயாளி ஒருவரிடம் 2008இல் முதன்முதல் அறியப்பட்டது. 2010இல் டெல்லி நகரின் வெளிநீரில் அது இருந்தது. 2013இல், நோர்வேக்குரிய சுவால்பாட் தீவுகளிலே, கொங்ஸ் கடனீரேரியை அடுத்த 8 இடங்களில் எடுத்த மண்ணிலும் அது இருந்ததென 2019இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. அம்மண்ணிற் கண்ட எதிர்ப்புப் பரம்பரையலகுகள் 131. வலசைப் பறவைகளும் பிற விலங்குகளும் அங்கு செல்லும் மனிதரும் தம் கழிவினால் அதனைக் கொண்டுசென்றிருத்தல் கூடும் என்பது ஆய்வாளர் கருத்து.

ஆகவே, பனிநிலத்து மண்ணில் இருவேறு வரலாறுகள் எழுதப்பட்டுள்ளன. ஒன்று, நுண்ணுயிர்கள் தம்முட் பொருதும் தற்காத்தும் வந்த மிகப் பழைய வரலாறு. மற்றையது, ஒரு தலைமுறைக்குள் மனிதர் எழுதியது. முன்னையதை எவராலும் மாற்றல் இயலாது. 2019ஆம் ஆண்டில் மட்டும் 12 இலட்சத்து 70 ஆயிரம் உயிர்களின் இழப்புக்கு மருந்தெதிர்ப்பு நேர்க்காரணமாயிற்று என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இவ்விழப்பு பின்னைய வரலாற்றின் பாற்பட்டது. மருந்தை அளவறிந்து வழங்குதலும், கழிவுநீரைத் தூய்மைசெய்து விடுதலும் மனிதர் கையிலுள்ளன. எதிர்ப்பின் பழமையை அறிந்தோர் இப்பொறுப்பினின்று நீங்கியவராகார். புதிதாக வரும் ஒவ்வொரு மருந்துக்கும் மாற்று மண்ணிலே காத்திருத்தல் கூடும் என்பதை அறிந்தமையால், அதனைப் பேணிப் பயன்படுத்தும் கடமை அவர்க்கே மிகுதியாகும்.